சத்தமாகப் பேசுபவர்களுக்கு ஒரு மைக்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொடங்கி, பதுளையில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தேன், அவ்வளவுதான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவே எனக்குக் கூச்சம். அப்படிப்பட்டவள் ஒரு மனிதரைப் பற்றி முகம் தெரியாத உங்களுக்கெல்லாம் சொல்ல வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதாகத் தெரியவில்லை. பெயரைப் போடவில்லை. தன் கடைப் பலகையிலேயே பெயரைப் போடாதவர் அவர். முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்று கூப்பிடுவார்கள். கடைக்கு வந்தவர்கள் எல்லோருமே அவரை நானா என்றுதான் கூப்பிட்டோம்.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த சந்தில் அவருடைய கொமினிகேஷன். அப்படிச் சொன்னால் அப்போது எல்லோருக்கும் புரியும். டெலிபோன் பேசவும் போட்டோகொப்பி எடுக்கவும் போகிற கடை. கண்ணாடிக் கதவு போட்ட இரண்டு பலகைக் கூண்டுகள், உட்கார ஒரு நீள வாங்கு, ஒரு மேசை. இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் அங்கே நான் வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். நான் சேரும்போதே கூண்டுகளுக்குள் கொம்பியூட்டர் வைத்து, இன்டர்நெட் வழியாக வெளிநாட்டுக்குக் கோல் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தார். சாதாரண டெலிபோனில் வெளிநாட்டுக்குப் பேசினால் சுகம் விசாரிப்பதற்குள் காசு தீர்ந்துவிடும். இன்டர்நெட்டில் ஆற அமரப் பேசலாம். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் அநேகமாக எல்லா வீட்டிலிருந்தும் ஒரு பெண் குவைத்திலோ சவூதியிலோ லெபனானிலோ வீட்டு வேலைக்குப் போயிருந்த காலம் அது. கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை.

நானாவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். ஒல்லியான மனிதர். புதிதாக ஓர் ஆளைப் பார்த்தால் முதலில் அவருடைய காதைப் பார்ப்பார். தோடு பெரிதா, காதை மூடித் துண்டு கட்டியிருக்கிறாரா, கொண்டை எந்த உயரத்தில் இருக்கிறது, இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் எந்த நாட்டுக்கு என்று கேட்பார். அதற்குள் எந்தக் கருவியைக் கொடுப்பது என்று மனதுக்குள் முடிவு செய்திருப்பார்.

முதலில் வாங்கிய ஹெட்செட், தலைக்கு மேலே வளையம் வந்து இரண்டு காதையும் மூடுகிற மாதிரி. மைக் ஒரு குச்சி போல வாய்க்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அது எங்கள் ஆட்களுக்குச் சரிவரவில்லை. வளையம் பெண்களின் கொண்டையில் இடித்தது. ஆண்கள் துண்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை சத்தம். மலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். அடுத்த மலையில் கொழுந்து எடுக்கிறவளைக் கூப்பிட வேண்டுமென்றால் இந்த மலையில் நின்று அடிவயிற்றிலிருந்து கூவுவோம். தூரம் கூடினால் சத்தமும் கூட வேண்டும். பக்கத்து மலைக்கே அப்படியென்றால் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற குவைத்துக்கு எப்படி இருக்கும்! லைன் கிடைத்தவுடன் "ஏய் புள்ளேய்ய்!" என்று கூவுவார்கள். கூண்டின் கண்ணாடி அதிரும். கொம்பியூட்டர் திரையில் சத்தம் காட்டுகிற பச்சைக் கோடு சிவப்பாகிவிடும். அந்தப் பக்கத்தில் இருப்பவளுக்கு மண் சட்டியைச் சுரண்டுகிற மாதிரி கரகரவென்று மட்டும் கேட்குமாம்.

பஸாரில் இருந்த மற்றக் கடைகளில் மெதுவாகப் பேசவும் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். மீறிக் கத்தினால் வெளியே இருந்து கதவைத் தட்டி அதட்டுவார்கள். எங்கள் கடையிலும் அப்படி ஒன்று எழுதி ஒட்டலாமா என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"என்னத்துக்கு தங்கச்சி? தூரத்துல ஈக்கிற புள்ளய கூப்பிடுற சத்தம் அது. அத எப்பிடி மெதுவா கூப்பிட ஏலும்?" என்றார். "அவங்க கதைக்கிற மாதிரியே கதைக்கட்டும். நாங்க சாமான மாத்துவோம்."

இதுதான் அந்த மனிதர். நான் இனிச் சொல்லப் போவதெல்லாம் இந்த ஒன்றுதான்.

கொழும்பில் புறக்கோட்டைக்குப் போய், ஒரு பை நிறைய ஹெட்செட்டும் மைக்கும் கொண்டு வருவார். சரிவராததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கொண்டு வருவார். வாங்கியதை எல்லாம் பரீட்சை பார்ப்பதற்கு அவருக்கு இரண்டு ஆட்கள் இருந்தோம். மெதுவான குரலுக்கு நான். சத்தத்துக்கு எதிர்த் தேத்தண்ணிக் கடைக்காரர். ஒரு கூண்டில் நானா, மற்றக் கூண்டில் நாங்கள். எனக்கு மைக்கைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். என்ன பேசுவது என்று தெரியாது.

"நேத்து என்ன சமைச்சீங்க? அதச் செல்லுங்க."

"மரவள்ளிக் கிழங்கு."

"அதோட?"

"கட்டச் சம்பல்."

"சம்பல் கேக்குற இல்ல. கிழங்கு மட்டுந்தான் வந்திச்சி. இது சரிவராது, அடுத்தத எடுங்க."

இப்படியே பல நாட்கள் என் வீட்டுச் சாப்பாடு அவருக்குத் தெரிந்துபோயிற்று. தேத்தண்ணிக் கடைக்காரருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. மைக்கை வாயில் வைத்து, "ரெண்டு பிளேன்டீ, ஒரு வடே!" என்று தன் கடைக்குக் குரல் கொடுப்பது போலவே கொடுப்பார். "நானா, பேசுனதுக்குக் கூலி இல்லாட்டியும் பரவாயில்ல. நா கூப்பிட்ட வடைய ஆராச்சும் வந்து தின்னுட்டுப் போங்கய்யா" என்பார்.

கடைசியில் இரண்டு ஹெட்செட் நிலைத்தன. சத்தக்காரர்களுக்கு ஒன்று. அதன் மைக்கில் நானா தடித்த பஞ்சு உறை மாட்டி, குச்சியைக் கன்னத்துப் பக்கம் வளைத்துவிட்டிருந்தார். எவ்வளவு கூவினாலும் கோடு சிவப்பாகாது. மற்றது என்னைப் போன்றவர்களுக்கு. மூச்சு விட்டாலும் எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் வளையம் தலைக்கு மேலே வராமல் பிடரிப் பக்கம் போகும். கொண்டைக்கும் துண்டுக்கும் தொந்தரவில்லை. எதையும் தலையில் மாட்ட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த வயதானவர்களுக்கு, கொம்பியூட்டரில் செருகுகிற, டெலிபோன் ரிசீவர் மாதிரியே இருக்கும் ஒன்றையும் தேடிக் கொண்டுவந்தார். அதைக் கையில் பிடித்ததும் அவர்களுடைய முகம் தெளியும்.

அவருடைய மனைவி ஒருநாள் கடைக்கு வந்தபோது மேசை முழுக்க வயராகக் கிடந்தது. "இந்த மனிசன் என்னப் பாக்க வந்த அண்டைக்கு மட்டுந்தான் ஒரே தரத்துல சரின்டு செல்லினார்" என்று என்னிடம் சொன்னார். "அதுக்குப் பொறகு ஒரு சாமானும் அப்பிடி எடுத்ததில்ல." நானா வயர்களை ஒதுக்கி அவருக்கு இடம் கொடுத்துவிட்டு, "அண்டைக்கும் குரலக் கேட்டுத்தான் எடுத்தன்" என்றார். அந்த அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார்.

இப்போதெல்லாம் ஆளுக்கொரு போன் கையில் இருக்கிறது. நானாவும் கடையை விட்டுவிட்டு மாத்தளைப் பக்கம் மகளோடு இருப்பதாகக் கேள்வி. அதைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நல்ல வேலைதான் பார்த்தார், போதும் என்று தோன்றியபோது விட்டார்.

நான் எழுத உட்கார்ந்ததே ஒரு பரிசத்தைப் பற்றிச் சொல்லத்தான்.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவர் எங்கள் கடைக்கு வழக்கமாக வருவார். அவருடைய மனைவி குவைத்தில் இருந்தார். ஒருநாள் வந்தவர் பேசப் போகாமல் மேசைக்கு முன்னால் நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நானா, மகளுக்கு எடம் வந்திருக்குங்க. பசறைப் பக்கம். நல்ல குடும்பம். ஆனா மாப்பிள்ளையோட பெரியப்பா ஒரே புடியா நிக்கிறாரு. பரிசம் போடுறப்ப பொண்ணோட அம்மா வாயால சம்மதம்னு சபையில சொல்லணுமாம்."

"தாய் அங்க ஈக்கிறது அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்ங்க. 'நாளைக்கு அந்தம்மா வந்து, நான் பொண்ணு குடுக்கலன்னு சொன்னா நாங்க எங்க போய் மூஞ்சிய வக்கிறது'ங்குறாரு. அவங்க வூட்ல முன்னாடி ஒரு தடவ அப்புடி நடந்திருக்கு. இந்த வெள்ளிக்கெழம நடக்கலேன்னா வேற எடம் பாத்துக்குவோம்னு சொல்லிட்டாரு."

பரிசம் போடும்போது வெற்றிலைத் தட்டு மாற்றுவதற்கு முன்னால் பெரியவர் ஒருவர், பெண் கொடுக்கச் சம்மதமா என்று தாய் தகப்பனைக் கேட்பது எங்களிடம் வழக்கம். இருவரும் சபைக்குக் கேட்கச் சொல்ல வேண்டும். தகப்பன் இருக்கிறார். தாய் குவைத்தில். லயத்தில் டெலிபோன் கிடையாது. ஆகவே சபையே பதுளைக்கு வர வேண்டும், எங்கள் கடைக்கு.

"வாங்க" என்றார் நானா, ஒரு கணமும் யோசிக்காமல். பிறகு அந்த வாரம் முழுக்க யோசித்தார்.

ஒருத்தர் கேட்பதற்கு வைத்திருக்கும் கருவியில் ஒரு சபை எப்படிக் கேட்பது? முதலில் ஒலிபெருக்கிப் பெட்டி வைத்துப் பார்த்தார். பெட்டியில் வருகிற சத்தம் திரும்பவும் மைக்குக்குள் போய், பேசுகிறவருக்கே தன் குரல் வந்து மோதியது. குவைத்தில் இருக்கும் பெண்ணின் அம்மாவுக்கு அப்படிக் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார் என்று அதைக் கழற்றினார். கோயில் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுகிற குழாயைக் கொண்டுவரட்டுமா என்று தேத்தண்ணிக் கடைக்காரர் கேட்டார். "அப்பிடின்டா குவைத்துக்கு டெலிபோன் தேவையில்ல, நேராவே கேக்கும்" என்றார் நானா. அந்த அம்மாவின் குரல்தான் அவருடைய கவலை. தோட்டத்தில் கூவிப் பேசிய பெண்தான். ஆனால் குவைத்திலிருந்து குசுகுசுவென்றுதான் பேசுவார். எஜமானி அம்மாவின் குழந்தை பக்கத்து அறையில் தூங்கும்.

வியாழக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு வயரைப் பல காதுக்குப் பிரித்துக் கொடுக்கிற சின்னப் பெட்டி ஒன்று வாங்கினார். பேசுகிறவர் கூண்டுக்குள் ஹெட்செட்டோடு இருப்பார். அங்கிருந்து ஒரு வயர் வெளியே வந்து அந்தப் பெட்டியில் செருகப்படும். பெட்டியிலிருந்து ஆறு இயர்போன் வாங்கு வரைக்கும் நீளும். முக்கியமானவர்கள் காதில் வைத்துக் கேட்கலாம். என்னை உள்ளே உட்காரவைத்து முதல்நாள் குழம்பைச் சொல்லச் சொன்னார். ஆறு இயர்போனிலும் தானே மாறி மாறிக் கேட்டுவிட்டு, "கத்தரிக்காய் எல்லாத்துலயும் சரி" என்றார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல். அங்கே ஆண்கள் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து எஜமானி அம்மா அனுமதி கொடுத்திருந்தாராம். இங்கே நானா தன் ஜும்மாவை முடித்துவிட்டு வந்து, தொப்பியோடேயே வயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சந்தின் முனையில் இரண்டு வேன்கள் வந்து நின்றன. வெற்றிலைத் தட்டு, பழத் தட்டு, தேங்காய், பட்டுச் சேலை எல்லாம் எங்கள் மேசைக்கு வந்து போட்டோகொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தன. மணப்பெண் சபைக்கு வரக் கூடாது என்று வேனிலேயே உட்காரவைத்திருந்தார்கள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா வெள்ளை மீசைக்காரர். வந்ததும் இயர்போன்களை எண்ணிப் பார்த்தார்.

"ஆறு காதுதானா? எங்க பக்கமே எட்டுப் பேரு இருக்கோம்ங்க."

"ஒண்டுல ரெண்டு ஈக்கிது. ஆளுக்கு ஒரு பக்கம் வச்சிக்குங்க" என்றார் நானா.

அப்படித்தான் கேட்க வேண்டியதாயிற்று. இரண்டு காதுக்கும் பிரிகிற இடத்தில் வயர் குட்டை. இரண்டு பேர் பங்கு போட வேண்டுமென்றால் தலையோடு தலை ஒட்டித்தான் உட்கார வேண்டும். பெரியப்பாவுக்கு ஜோடி கிடைத்தவர் பெண்ணின் தாய்மாமன். சீர்வரிசைப் பேச்சில் இருவருக்கும் ஏற்கெனவே மனஸ்தாபம். இப்போது கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, மீச குத்துதுங்க."

"நீ மட்டும் என்ன, நேத்துச் செரச்ச மொகமா?"

நானா நம்பரை அடித்தார். அந்தப் பக்கம் நாலைந்து தடவை மணி அடித்தது. பிறகு அந்த அம்மாவின் குரல், மிகவும் மெதுவாக. வாங்கில் இருந்த எல்லோருடைய முகமும் ஒரே நேரத்தில் மாறியது. நல்ல தெளிவாகக் கேட்டதாம். பெண்ணின் அப்பா கூண்டுக்குள் சத்தக்காரர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்துவைத்தபடியே, "ஏ புள்ளேய், எல்லாரும் வந்துட்டாங்க!" என்று கூவினார். கோடு சிவப்பாகவில்லை. நானா என்னைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்.

பெரியப்பா எழுந்து கூண்டு வாசலுக்குப் போனார். இயர்போனும் தாய்மாமனும் கூடவே போக வேண்டியதாயிற்று.

"அம்மா, எங்க வூட்டுப் பையனுக்கு ஒங்க பொண்ணக் குடுக்கச் சம்மதமா? சபைக்குக் கேக்கச் சொல்லுங்க!"

பதில் வரவில்லை. இன்டர்நெட்டில் பேச்சு போய்ச் சேரக் கொஞ்சம் பிந்தும் என்று நானா முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தார். பொறுத்துப் பார்த்தார்கள். அப்போதும் இல்லை. ஆளாளுக்கு ஹலோ, ஹலோ என்று கத்தத் தொடங்கினார்கள். பெரியப்பாவின் முகம் கறுத்தது.

"நான் சொன்னேன்ல. அந்தம்மாவுக்கு மனசு இல்ல. தட்ட எடுங்கப்பா" என்றார் தன் ஆட்களிடம்.

பெண்ணின் அப்பா கூண்டுக்குள்ளிருந்து கையைக் காட்டினார். அந்த அம்மா பேசுகிறார். எல்லோரும் மறுபடி குனிந்தார்கள்.

"என்ன சொல்றாங்க?" என்றேன் நான் நானாவிடம்.

அவர் வாங்கின் ஓரத்தில் இருந்தவரிடம் ஓர் இயர்போனைக் கொஞ்ச நேரத்துக்கு வாங்கி எனக்கு நீட்டினார். "பிள்ளைய பேசச் சொல்லுங்க" என்கிறது அந்தக் குரல். "அவகிட்ட கேக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"இது என்ன புதுப் பழக்கம்?" என்றார் பெரியப்பா. "பெரியவங்க சபையில புள்ளைக்கு என்ன பேச்சு?" தாய்மாமனும் அவர் பக்கம்தான். கன்னம் ஒட்டியிருந்ததாலோ என்னவோ, முதல் தடவையாக இருவரும் ஒன்றுபோலத் தலையாட்டினார்கள். பெண்ணின் அப்பா மட்டும் கூண்டை விட்டு வெளியே வந்து, ஒருவரிடமும் கேட்காமல் வேனுக்குப் போய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அவள் தலை நிமிரவில்லை. கட்டியிருந்த சேலை புதிது, அவளோடு ஒட்டாமல் விறைத்து நின்றது. வாங்கில் பன்னிரண்டு பேர் காதில் வயரோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அம்மா கேட்கப் போவதை எல்லாம் அவர்களும் கேட்கப் போகிறார்கள்.

"இவங்களுக்கு இந்தச் சாமான் சரிவராது" என்றார் நானா. "குரல் சின்னக் குரல். மாத்தணும்." சத்தக்காரர் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு மற்றதை எடுத்துவந்து, அவளுடைய தோட்டில் படாமல் மாட்டிவிட்டார். கூண்டின் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். பிறகு வெளியே வரும் வயரைப் பிடித்து ஓர் இழுப்பு.

"நானா, கேக்கல!" என்றார் பெரியப்பா.

"சாமான் மாத்தினா அப்பிடித்தான். இரிங்க, பாக்குறன்."

கழன்ற வயரின் முனை அவருடைய கைக்குள்ளேயே இருந்தது. பெட்டியைத் தூக்கி ஊதினார். இயர்போன்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். சட்டைத் துணியால் துடைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

கண்ணாடிக்குள் அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் தலையாட்டினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி தலையாட்டினாள். அம்மா அங்கிருந்து என்ன கேட்டாரோ, இவள் பலமாகத் தலையாட்டினாள். வாய் மட்டும் திறக்கவில்லை. எனக்கு அது எப்படி என்று தெரியும். வாங்கைத் தாண்டிப் போய், அத்தனை பேருக்கு முன்னால் கூண்டுக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "வாயத் தொறந்து சொல்லும்மா. தலையாட்டுனா அங்க தெரியாது" என்றேன். நான் கடையில் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

அவள் வாய் அசைந்தது. என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது. நிறையவே சொன்னாள். ஒரு தடவை சிரித்தாள், சேலைத் தலைப்பால் கண்ணையும் துடைத்தாள். பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்தார், நானாவைப் பார்த்தார். நானா பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவள் ஹெட்செட்டைக் கழற்றப் போனபோதுதான் அவருக்குப் பழுது அகப்பட்டது.

"இந்தா, சரி. இப்ப கேளுங்க."

காதுகளில் வைத்தார்கள். பெரியப்பா மறுபடி கேட்கவும் இல்லை. அதற்கு முன்னாலேயே வந்தது, கொழுந்து மலையில் கூவுகிற கூவல்.

"சம்மதம்! எனக்கு முழுச் சம்மதம்!"

பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் காதிலிருந்து வயரைப் பிடுங்கிக்கொண்டார்கள். பெரியப்பாவும் தாய்மாமனும் தலையில் தலை முட்டிக்கொண்டார்கள். இயர்போன் கையில் இருக்கும்போதே அதிலிருந்து குழந்தை ஒன்று வீரிட்டு அழுகிற சத்தம் கேட்டது. பிறகு எஜமானி அம்மா அரபியில் ஏதோ சொல்கிற சத்தம். பிறகு லைன் கட்.

"புள்ளய எழுப்பிட்டா!" என்றார் பெண்ணின் அப்பா. சிரிப்பும் அழுகையுமாகத் தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெரியப்பா காதைத் தேய்த்துக்கொண்டே, "இதுக்கு மேல ஒரு சம்மதம் கேக்க முடியாதுப்பா. தட்ட மாத்துங்க" என்றார். போட்டோகொப்பி மெஷினுக்கு முன்னால் நின்று தட்டு மாற்றினார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் எல்லோருக்கும் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார். வேன்கள் போன பிறகு நான் தேங்காய் நாரும் வெற்றிலைக் காம்பும் கூட்டி அள்ளினேன். நானா வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பெட்டியில என்ன பழுது நானா?" என்று கேட்டேன்.

"பெட்டி நல்ல பெட்டி தங்கச்சி" என்றார். "ஆளுகளுக்குக் காது கூடிப் போச்சி, அவ்வளவுதான்."

மறுநாள் சனிக்கிழமை, மாப்பிள்ளையின் பெரியப்பா தனியாக வந்தார். கத்தாரில் இருக்கும் மகனோடு பேச வேண்டும் என்றார். நானா அவருடைய காதைப் பார்த்துவிட்டு ரிசீவரை எடுத்துக் கொடுத்தார். பேசி முடித்துவிட்டுப் பசறை பஸ்ஸில் ஏறிப் போனார். பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது, லைனும் இல்லை. நேரத்தோடு கடையைச் சாத்தினோம்.